எழுபது வளைவும் ஒரு ‘டங்’கும்: என் ஜிப்ஸியில் நாலு வருட லாக்கர்

போன வாரம் பின் ஆக்சிலில் ஆயில் சீல் ஒழுகுகிறது என்று வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை முறையில் ஒருவன் போன் செய்தான். அவனும் ஒரு பழைய ஜிப்ஸி வாங்கியிருக்கிறான். “நீ போட்டிருக்கிற லாக்கரையே நானும் போட்டுரட்டுமா?” என்றான். லாக்கர் என்பது ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் பூட்டி ஒன்றாகச் சுற்ற வைக்கும் சாமான். அரை மணி நேரம் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “சரி, இப்ப போடச் சொல்றியா, வேண்டாங்கிறியா?” என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி 1.3 லிட்டர் மாருதி ஜிப்ஸி கிங். லாக்கர் போட்டு நாலு வருடம், 38,000 கிலோமீட்டர். கொல்லிமலையில் கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கிறது. வாரம் ஒருமுறை காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறி, அங்கிருந்து மண் பாதையில் காட்டுக்குப் போக வேண்டும். காரவள்ளி ரோடு தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று இப்போதே புரிந்திருக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள்.

ஆட்டோமேட்டிக் லாக்கர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துத்தான் நான் வாங்கினேன். மஹிந்திரா தார் ஜீப்களில் வரும் ஈட்டன் கம்பெனி லாக்கரும் ஆட்டோமேட்டிக்தான். ஆனால் அது சாதாரணமாகத் திறந்தே இருக்கும். ஒரு சக்கரம் வழுக்கி, இரண்டுக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் பூட்டிக்கொள்ளும். என்னுடையது நேர் எதிர். வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் ஓட வழிவிடுவது டிஃபரன்ஷியல். அதற்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள் என்ற சின்னப் பல்சக்கரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும் வகை. எப்போதும் பூட்டியே இருக்கும். வளைவில் வெளிச்சக்கரம் வேகமாக ஓட வேண்டி வந்தால் மட்டும் பல் விட்டு விலகி, டிக் டிக் என்று வழிவிடும். அதுவும் காலை எடுத்தால்தான். ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே திருப்பினால் அதற்கு விலக மனசு வராது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், இந்த வகை எல்லாமே இப்படித்தான் வேலை செய்யும்.

இப்போது இதைக் கொண்டை ஊசியில் வைத்துப் பாருங்கள். ஏற்றம், பின்னால் உர மூட்டை, முதல் கியர். காலை எடுத்தால் வண்டி நின்றுவிடும். எடுக்காவிட்டால் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகச் சுற்றி, முன்பக்கத்தை நேராகத் தள்ளும். ஸ்டீயரிங் கனக்கும், உள் டயர் தரையைத் தேய்க்கும். வளைவு முடிந்து கியர் மாற்றக் காலை எடுப்போம் பாருங்கள், அதுவரை ஆக்சிலில் முறுக்கேறி நின்றதெல்லாம் ஒரே அடியில் விடுபடும். டங்! முதுகுத்தண்டில் கேட்கும். எழுபதிலும் அடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லோடு இல்லாமல் போனால் பாதி வளைவுகள் வெறும் டிக் டிக்கோடு நாகரிகமாகப் போய்விடும். அம்மாவை முதல்முறை கூட்டிப்போனபோது, “ஏண்டா, பின்னாடி யாரு சுத்தியல்ல அடிக்கிறது?” என்றார். அடுத்த தடவையிலிருந்து பஸ்ஸில்தான் மேலே வருகிறார்.

மழையில் இது வேறு. இரண்டாம் வருட ஐப்பசியில் இறங்கி வரும்போது, வளைவின் நடுவே கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தேன். சாதாரண வண்டியில் உள் சக்கரம் மட்டும் சும்மா சுற்றியிருக்கும். இதில் இரண்டும் சேர்ந்து வழுக்கி, வண்டியின் பின்பக்கம் வெளியே போய்விட்டது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும்.

ஏன் கழற்றவில்லை என்றால், சோளக்காடு தாண்டிய அந்த மண் பாதை. செம்மண் களி, நடுவே குறுக்காக ஒரு ஓடை. முன்பு ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் மெதுவான கியர், போட்டும் அதில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கச் சக்கரமும் அந்தரத்தில் சுற்றும், தரையில் இருக்கும் மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். டிராக்டர் வைத்திருப்பவருக்குப் போன் போடுவேன், கயிறோடு வருவார். லாக்கர் போட்ட பிறகு ஒருமுறைகூட அவரைக் கூப்பிடவில்லை. பாதி நாள் டூ வீல் டிரைவிலேயே மெதுவாக ஏறிவிடுகிறேன். அந்த ஏற்றத்தில் ஐட்லிங்கிலேயே நடந்து ஏறும் ஜிப்ஸியைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை விலை போட்டுச் சொல்ல முடியாது.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று. நேர் ரோட்டில் டிக் டிக் கேட்டால் ஒரு பின் டயரில் காற்று குறைகிறது என்று அர்த்தம். காற்று குறைந்த டயரின் சுற்றளவு சிறிதாகிவிடுவதால் அது கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது, லாக்கர் விட்டுக்கொடுக்கிறது. மெல்லப் போகும் பஞ்சரை மூன்று தடவை இப்படியே கண்டுபிடித்திருக்கிறேன். கேஜ் வைத்துப் பார்த்தால் நான்கு, ஐந்து பாயிண்ட் குறைந்திருக்கும்.

பட்டறைக்கு இந்த முறை போகும்போது பழைய ஸ்டார் பினியன்களையும் சாக்கில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். மெக்கானிக் அண்ணன் போர்வெல் போடும் ரிக் லாரிகளில் பழகியவர். “எங்க லாரியில சுவிட்ச் போட்டா லாக், எடுத்தா ஃப்ரீ. இது என்னங்க, அதுவா முடிவு பண்ணுது?” என்று நாலு வருடமாகக் கேட்கிறார். திறந்து துடைத்துப் பார்த்தார். பல்லில் சொல்லும்படி தேய்மானம் இல்லை. “நல்லாத்தான் இருக்கு. எடுத்துரவா?” என்றார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. மழை முடியட்டும் என்றேன். போன வருடமும் இதையேதான் சொன்னேன்.

மாப்பிள்ளைக்குப் பதில்: வேண்டாம், போடாதே. தார் ரோட்டில்தான் நீ பாதி நாள் ஓட்டுவாய், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏஆர்பி கம்பெனியின், காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் லாக்கர் மாதிரி சுவிட்சில் பூட்டித் திறக்கிறது கிடைத்தால் பார். கம்ப்ரசர், காற்றுக் குழாய் என்று செலவு ஏறும், ஏறட்டும். ஃபோர்ஸ் கூர்கா ஜீப் வாங்கியிருந்தால் முன்னும் பின்னும் டிரைவரே போடும் லாக் கம்பெனியிலிருந்தே வந்திருக்கும், அதையும் அப்போதே சொன்னேன், நீ கேட்கவில்லை.

இதையும் கேட்க மாட்டாய். போட்டால் பின்பக்கம் மட்டும் போடு, முன்பக்கத்தைத் தொடாதே, ஸ்டீயரிங்கோடு சண்டை போட வேண்டியிருக்கும். பின் டயர் இரண்டையும் ஒரே நாளில், ஒரே கம்பெனியில் வாங்கு. உன் ஸ்டார் பினியன்களை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதே. பிறகு என்னுடையதைக் கேட்டு வந்தால் தர மாட்டேன், மழை முடிந்ததும் எனக்கு வேண்டும்.