குரலும் உண்டு, டார்க் நைட்டும் உண்டு என்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்

ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ் என்ற வீடியோ ஆட்டத்தின் மறுஆக்கமான 'தி இவாலிஸ் குரோனிக்கிள்ஸ்' 2025 செப்டம்பர் 30 அன்று வந்தது. அதைக் கணினிக்குப் பாதி விலைக்கும் கீழே தருகிறோம் என்று ஒரு விளம்பரம் அரட்டைக் குழுக்களில் சுற்றுகிறது. அதை நம்பிப் பணம் அனுப்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். விற்பவரின் பெயரும் எண்ணும் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றை இங்கே எழுதிப் பயனில்லை. விளம்பர வாசகம் மட்டும் மாறவே இல்லை, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

விளம்பரத்தில் பாதி இடத்தை ஆடியவர்களின் கருத்துகள்தான் அடைத்திருக்கும், எல்லாம் ஸ்கிரீன்ஷாட். கதைக்காட்சிகள் முழுவதற்கும் குரல் கொடுத்திருக்கிறார்கள், நடிப்பு பிரமாதம் என்கிறார் ஒருவர். சண்டையை வேகமாக ஓட்டும் வசதி வந்ததில் பாதி அலுப்பு போய்விட்டது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் டார்க் நைட் வேலையை (பாத்திரங்கள் ஏற்கும் போர்த்தொழில், சிலவற்றை ஆடித்தான் திறக்க முடியும்) திறக்கப் பட்ட பாட்டை ரசித்து எழுதியிருக்கிறார். நான்காமவருக்கு பால்தியர் என்ற பாத்திரம் அணியில் வந்து சேர்ந்ததில் ஏக மகிழ்ச்சி. படித்தால் ஒன்றுகூடப் பொய்யாகத் தெரியாது. உண்மையிலேயே யாரோ ஆடிவிட்டு எழுதியவைதான். ஆனால் முதல் இருவர் ஆடியது ஒரு பதிப்பு, மற்ற இருவர் ஆடியது வேறொரு பதிப்பு.

இந்த ஆட்டத்தின் வரலாறு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மட்சுனோ யசுமி இயக்கிய மூல ஆட்டம் 1997இல் ஜப்பானில் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. 2007இல் பிஎஸ்பி என்ற சோனியின் கையடக்க ஆட்டக் கருவிக்கு 'தி வார் ஆஃப் தி லயன்ஸ்' வந்தது. டார்க் நைட், ஆனியன் நைட் என்ற இரண்டு புது வேலைகள், வேறு ஆட்டங்களிலிருந்து விருந்தாளியாக வரும் பால்தியர், லூசோ எல்லாம் அதில் சேர்ந்தவை. பின்னால் கைபேசிக்கும் அதே பதிப்புதான் வந்தது. 2025 மறுஆக்கமோ 1997 ஆட்டத்தையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. மூல நிரலைக்கூட அந்தக் காலத்தில் பத்திரப்படுத்தி வைக்கவில்லையாம், பழைய பதிப்புகளைப் பிரித்துப் பார்த்துத்தான் மறுபடி கட்டியிருக்கிறார்கள். பிஎஸ்பியில் சேர்ந்த புது வேலைகளும் விருந்தாளிகளும் இதில் இல்லை. ஆட்டம் வந்த நாள் முதல் ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பதும் இதைப் பற்றித்தான். இவ்வளவு செய்தவர்கள் அதையும் சேர்த்திருக்கலாமே என்று ஒரு கட்சி. அந்த வேலைகளால் ஆட்டத்தின் சமநிலை கெட்டதுதான் மிச்சம், போனதே நல்லது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. டார்க் நைட்டைத் திறக்க ஒரே சண்டையை மணிக்கணக்காக இழுத்தடித்தவர்களுக்குப் புரியும்.

ஆகவே, ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனம் விற்கும் எந்தப் பதிப்பிலும் முழுக் குரலும் டார்க் நைட்டும் சேர்ந்து இருக்க முடியாது. கணினியில் ரசிகர்கள் மோட் (ஆட்டத்தை மாற்ற அவர்களே செய்யும் கோப்புகள்) போட்டு என்ன வேண்டுமானாலும் சேர்ப்பார்கள், அது தனிக்கதை. இரண்டையும் ஒரே விளம்பரத்தில் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எனக்கு வந்தது ஒரு தரவிறக்க இணைப்பு. கோப்புறையைத் திறந்தால் மறுஆக்கத்தின் அட்டைப்படமே ஐகானாக இருந்தது. சொடுக்கினால் முழுத்திரையில் ஆட்டம் தொடங்குகிறது. முதல் காட்சியில் வரும் ஆர்போன் மடாலயம், பிரார்த்தனையில் இளவரசி ஒவேலியா, பக்கத்தில் அவளுடைய காவல் வீராங்கனை அக்ரியாஸ், எல்லாம் சரி. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. எழுத்து மட்டும் ஓடியது. மந்திரம் போட்டால் திரை திணறித் திணறி நகர்ந்தது. பிஎஸ்பி பதிப்பை ஆடியவர்களுக்கு அந்தத் திணறல் நன்றாகத் தெரியும், அதன் பேர்போன குறையே அதுதான். பொத்தான் குறிகளும் பிஎஸ்பியின் வட்டம், பெருக்கல், முக்கோணம், சதுரம்தான்.

விற்பவரிடம் கேட்டதும் பதில் உடனே வந்தது. "ப்ரோ, அது கிளாசிக் மோடு ப்ரோ. என்ஹான்ஸ்டு மோடு அப்டேட்ல வரும்."

இந்தப் பதிலைத் தனியாகக் கவனியுங்கள், ஏனென்றால் இது பாதி உண்மை. மறுஆக்கத்தில் நிஜமாகவே இரண்டு வடிவங்கள் உண்டு. என்ஹான்ஸ்டில் குரல், புது இடைமுகம், மூன்று கடின நிலைகள் எல்லாம் இருக்கும். கிளாசிக் என்பது பழைய ஆட்டத்தைப் போலவே குரல் இல்லாமல் ஓடுவது, வசனங்களுக்கு மட்டும் பிஎஸ்பி பதிப்பின் மொழிபெயர்ப்பை எடுத்திருக்கிறார்கள். எனவே முதல் காட்சியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. விற்பவருக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது, அதுதான் எரிச்சல். ஆனால் என்ஹான்ஸ்டு, கிளாசிக் இரண்டும் ஒன்றாகத்தான் விற்கப்படுகின்றன. ஒன்று இப்போது, மற்றது பின்னால் என்று எந்த ஏற்பாடும் கிடையாது.

நான் ஸ்குவயர், கெமிஸ்ட் இரண்டு வேலைகளையும் ஆறாம் நிலைக்கு ஏற்றினேன். பட்டியலில் ஆனியன் நைட் எட்டிப்பார்த்தது. கிளாசிக்கில் வரவே முடியாத வேலை. கையில் இருந்தது பிஎஸ்பி ஆட்டத்தின் திருட்டு நகல், அதைக் கணினியில் ஓட்ட எமுலேட்டர் என்ற ஒரு மென்பொருள், மேலே புது ஐகான். இணையத்தில் இலவசமாகக் கிடக்கும் திருட்டுப் பொருளுக்கு ரசீது இல்லாத விலை.

ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். விற்பவர் வாதாடவில்லை. "சாரி ப்ரோ, தப்பான லிங்க்" என்று சொல்லி, அதற்குப் பதிலாக கணினி ஆட்டங்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தார். உள்ளே போய் ஆட்டத்தை இறக்கிக்கொண்டு, பிறகு ஆஃப்லைனில் மட்டுமே ஆட வேண்டும் என்பது நிபந்தனை. இதில் வந்தது அசல் மறுஆக்கம்தான். கதாநாயகன் ராம்சா பேசினான், அவன் நண்பன் டெலிடா பேசினான். ஆனால் ஒரே கணக்கைப் பலருக்கும் விற்றிருந்தார்கள். ஒருவர் ஆன்லைனுக்குப் போனால் இன்னொருவருக்கு இணைப்பு அறுகிறது. ஒருநாள் கடவுச்சொல்லும் மாறிவிட்டது. புதுச் சாதனத்தில் நுழைய வேண்டுமென்றால் ஸ்டீம் கார்ட் (Steam Guard) என்ற பாதுகாப்புக் குறியீடு வேண்டும், அது போவது விற்பவரின் மின்னஞ்சலுக்கு. கணக்கு அவருடையது, நாம் இரவல் குடியிருப்பவர்கள். கணக்கைக் கைமாற்றுவதும் விற்பதும் ஸ்டீம் விதிகளுக்கு விரோதம் என்பதால் அங்கே முறையிடவும் வழியில்லை. அப்புறம் நான் அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

பணம் யூபிஐயில் போனது. நாமே பின் எண் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி தானாகத் திருப்பித் தராது. வங்கியிலும் அதைத்தான் சொன்னார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறுவதற்குள் அது போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு. விற்பவர் 'தப்பான லிங்க்', 'அப்டேட்' என்று இழுப்பதே அந்த நேரத்தைக் கடத்தத்தான். புகார் எண் கிடைத்திருக்கிறது, பணம் கிடைக்கவில்லை.

ஆட்டம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: கணக்குப் பூட்டப்படும்வரை ஆடிய அளவில், குரல் நடிப்பைப் புகழ்கிறவர்கள் மிகைப்படுத்தவில்லை. தானாகச் சேமிக்கும் வசதி ஒன்றே போதும், ஆட்டத்தின் கடினமான கட்டமான ரியோவேன்ஸ் கோட்டையில் ஒற்றைச் சேமிப்போடு மாட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கிய தலைமுறையின் சாபம் தீர. என்ஹான்ஸ்டு படங்கள் கொஞ்சம் மழுங்கலாக இருக்கின்றன என்ற குறையிலும் நியாயம் உண்டு. டார்க் நைட்டுக்காகவே வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம், 'வார் ஆஃப் தி லயன்ஸ்' கைபேசிப் பதிப்பைப் பாருங்கள்.

கருத்துகளை ஸ்கிரீன்ஷாட்டில் படிக்காமல் ஸ்டீம் பக்கத்திலேயே படியுங்கள். எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது அங்கே தெரியும், எந்தப் பதிப்பைப் பற்றிய பேச்சு என்ற குழப்பமும் இருக்காது. அங்கேயே வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விலை அதிகம் என்றால் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம்.

இதே விளம்பரத்தில் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், விற்பவரிடம் கேட்பதற்கு முன்பே அரட்டை முழுவதையும் சேமித்து வையுங்கள், அவர்கள் பக்கம் செய்திகளை அழித்துவிடுகிறார்கள். பணம் போன யூபிஐ முகவரி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இரண்டும் புகாரில் கேட்பார்கள். என் புகாரில் உள்ள முகவரியோடு உங்களுடையது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், முகவரியின் கடைசிப் பகுதியை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.