ஒழுகும் கூரை: ஒட்டுவதா, பூசுவதா, மாற்றுவதா?

அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரின் மாலை மழை பிடித்துக்கொண்டால், செந்தூல் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் வாளி தேட ஆரம்பித்துவிடுவோம். கூப்பிட்ட ஆள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தே விலை சொல்லுவார். அந்த விலையை நம்பாதீர்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியாமல் செலவைச் சொல்லவே முடியாது.

எங்கள் வீட்டில் கறை விழுந்தது ஹாலின் நடுவில். சீலிங் ஓட்டை வழியாக ஏறி டார்ச் அடித்தால் மரச்சட்டத்தின் அடியில் கருப்பாக ஒரு கோடு. அதையே பிடித்துக்கொண்டு போனால் பத்தடி தள்ளி, பக்கத்து வீட்டுச் சுவர் ஓரத்தில் முடிந்தது. ஓடும் சுவரும் சேரும் இடத்தில் பூசியிருந்த சிமெண்ட், விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பேரும் மூன்று வழி சொன்னார்கள்.

முதலாமவர் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம் என்றார். ஆனால் சிலிகானைப் பிதுக்கிவிட்டுப் போவது வேலையே இல்லை, வெயிலில் விரிந்து சுருங்கி மறுபடி விட்டுப்போகும். பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரில் நீளமாகப் பள்ளம் வெட்டி, தகரப் பட்டையை உள்ளே செருகி அடைக்க வேண்டும். இதில் பொருள் செலவு கொஞ்சம்தான், கூலியும் மேலே ஏறும் வழியும்தான் காசு. ஒரு மாடிக்கு மேல் போனால் சாரம் கட்ட வேண்டியிருக்கும், சாரம் நிற்கும்போதே உடைந்த ஓடுகளையும், மழைநீரை வடிக்கும் துருப்பிடித்த பீலியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய ஓட்டின் அதே வடிவம் இப்போது கிடைக்காவிட்டால் அதைத் தேடுவதற்கும் தனிச் செலவு வரும்.

இரண்டாமவர் கூரை முழுக்க நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்கச் சொன்னார். ஓட்டுக்கூரைக்கு இது எனக்குச் சரியாகப்படவில்லை. ஒழுகுவது நாலடி இடத்தில், காசு கொடுப்பது மொத்தச் சதுர அடிக்கும். கார் நிறுத்துமிடத்துக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளம் என்றால் கதை வேறு, அங்கே பூச்சோ, சூடாக்கி ஒட்டும் தார் விரிப்போதான் மருந்து. பழைய அடுக்கைக் கொத்தி எடுக்க வேண்டுமா, தண்ணீர் வடியும் சரிவு இருக்கிறதா என்பதைப் பொறுத்து விலை ஏறும். முடிந்ததும் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாமவர் கூரையையே மாற்றித் தகடு போடலாம் என்றார். மரத்தைக் கரையான் தின்றிருந்தால் அதுதான் வழி, ஒட்டுப்போடும் காசெல்லாம் வீண். கான்கிரீட் ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் கனக்கும், உலோகத் தகடு 5 கிலோ அளவில்தான், அதனால் சட்டங்களுக்குப் பாரம் குறையும். ஆனால் வெப்பத்தடுப்பு விரிப்பு இல்லாவிட்டால் வெயிலில் வீடு வேகும், மழையில் பேச்சே கேட்காது, விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் யாரையும் உடைக்க விடாதீர்கள், அந்தத் தூசி புற்றுநோய் தரும். பாதுகாப்பாகக் கழற்றி அகற்ற ஆகும் செலவைத் தனியாகக் கேளுங்கள். அப்புறம் பினாங்கு ஜார்ஜ் டவுனில், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதியில் வீடு இருந்தால், நினைத்தபடி ஓடுகளை எடுத்துவிட்டுத் தகடு போட முடியாது, அனுமதி வேண்டும்.

எங்கள் சட்டங்கள் திடமாக இருந்தன, அதனால் முதல் வழியையே எடுத்தோம். வேலை முடிந்ததும் குழாயால் அந்தச் சுவரில் ஒரு மணி நேரம் தண்ணீர் அடித்தார்கள், நான் சீலிங்குக்குள் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். மரம் காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுத்தேன்.