நெஸ்பிரெசோ எசென்சா மினி: கொடைக்கானல் வீட்டில் எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

நெஸ்பிரெசோ எசென்சா மினி என்ற கேப்சூல் காபி மெஷினின் அடியில் 1200, 1300 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் பலருக்கு மின் கட்டணம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. வாட் பெரிதுதான். ஆனால் சூடேற எடுத்துக்கொள்வது சுமார் 25 விநாடி. அதற்கு 9 வாட்-ஹவர் போகும் (1000 வாட்-ஹவர் ஒரு யூனிட்). சின்ன கப் பட்டன் இறக்கும் 40 மில்லி தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 90-க்கு ஏற்ற இன்னும் மூன்றரை. பம்ப்பையும் சேர்த்து கப்புக்கு 15 வாட்-ஹவர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தினம் 4 கப் என்றால் இரண்டு மாத பில்லில் ஏறுவது 3.6 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று போட்டாலும் 36 ரூபாய்தான். 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கும் வீட்டுக்கு அதுவும் இல்லை.

வீட்டில் இருவர் குடிப்பதானால் அடுத்தடுத்துப் போடுவது நல்லது. இரண்டாவது கப்புக்கு மெஷின் புதிதாகச் சூடேற வேண்டியதில்லை. மறந்து விட்டுவிட்டாலும் 9 நிமிஷத்தில் தானே அணைந்துவிடும்.

பால் காபி பிரியர்களுக்குக் கணக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 150 மில்லி பாலை நுரைக்கும் ஜாரில் 65 டிகிரிக்குக் கொண்டுவர 10 வாட்-ஹவருக்கு மேல் வேண்டும். அப்படியும் பயப்பட ஒன்றுமில்லை: 15 லிட்டர் கீசர் ஒருமுறை 12 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாக 0.84 யூனிட் தின்கிறது, அதாவது ஐம்பது காபிக்கு மேல். பில்லை 500 யூனிட்டுக்கு மேல் தள்ளி, கீழ் ஸ்லாப் (குறைந்த யூனிட்டுக்கான மலிவு ரேட்) சலுகையையும் பறிப்பது கீசரும் ரூம் ஹீட்டரும்தான்.

மலையில் உண்மையான தொல்லை வோல்டேஜ். குளிர்கால மாலையில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடி, சப்ளை 230 வோல்ட்டிலிருந்து 180-க்கு இறங்கினால் 1300 வாட் மெஷின் 800 வாட்டுக்குத்தான் வேலை செய்யும். சூடேறும் நேரம் 40 விநாடியைத் தாண்டும். யூனிட் பெரிதாக ஏறாது, ஆனால் பம்ப் தளர்ந்து காபி சொட்டுச் சொட்டாக, மேலே க்ரீமா என்ற நுரை இல்லாமல் வரும். ஃபிரிட்ஜுக்கு வாங்கிய ஸ்டெபிலைசர் இதைத் தாங்காது. 2 கேவிஏ (2000 விஏ) அளவில் வேண்டும். 900 விஏ இன்வெர்ட்டரில் போட்டால் ஓவர்லோட் காட்டி நின்றுவிடும். கரண்ட் போனால் அடுப்புதான். ஐந்தரை ஆம்பியருக்கு மேல் இழுப்பதால் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் தனியாக மாட்டுங்கள். கெட்டிலோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டவே வேண்டாம்.

இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுமே என்ற கவலை தேவையில்லை. உள்ளே அழுத்தத்தோடு சூடாவதால் ருசி கெடாது.

பணம் கரைவது கேப்சூலில், அதாவது மெஷினில் போடும், காபித் தூள் அடைத்த சின்ன டப்பாவில். 5 கிராம் தூள் 50 ரூபாய் என்றால் கிலோ 10,000 ரூபாய்! தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கத்து அராபிகா கைக்கெட்டும் தூரத்தில் விளையும்போது இது கொஞ்சம் அநியாயம். மறுபடி நிரப்பும் ஸ்டீல் கேப்சூல் ஒன்று வாங்கி, 5 கிராம் தூளை லேசாக அழுத்தி, விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டு மூடுங்கள். துடைக்காவிட்டால் ரப்பர் வளையத்தின் ஓரமாகத் தண்ணீர் கசிந்து, காபி வெளிறிப்போகும். ஃபில்டருக்கு வாங்கும் சிக்கரி கலந்த தூள் ஆகாது. சிக்கரி பிசுபிசுத்து ஓட்டைகளை அடைக்கும், பம்ப் முனகும். சிக்கரி இல்லாமல், ஃபில்டர் தூளைவிடச் சற்றே நைஸாக அரைத்து வாங்குங்கள். மாவாக அரைத்தாலும் அதே அடைப்புதான்.