லெட் செப்பெலின், பிளாக் சபாத்: இரண்டு தொடக்கங்கள்

இரண்டும் 1968இல் இங்கிலாந்தில் உருவான ராக் இசைக்குழுக்கள். ஆனால் தொடங்கிய விதத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

லெட் செப்பெலினுக்குப் பாதை பாதி போட்டே இருந்தது. ஜிம்மி பேஜ் ஏற்கெனவே யார்ட்பேர்ட்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர். லண்டன் ஸ்டூடியோக்களில் பலருக்கு வாசித்துக் கை தேர்ந்தவர். அந்தக் குழு கலைந்ததும் ஜான் பால் ஜோன்ஸ், ராபர்ட் பிளாண்ட், ஜான் பான்ஹாம் மூவரையும் சேர்த்துக்கொண்டார். செப்டம்பரில் ஸ்காண்டிநேவியக் கச்சேரிகள், அடுத்து முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு, வருடம் முடிவதற்குள் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். மளமளவென்று நடந்துவிட்டது.

பிளாக் சபாத்தின் நால்வரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள். கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில், உலோகத் தகடு ஆலையில், வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். அவர் இடது கைக்காரர்; தந்தியை அழுத்தும் கையே அந்த வலது கைதான்! பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்தார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய தந்திகளைக் கட்டி மறுபடி பழகினார். அப்புறம் எர்த் என்ற பெயரில் கிளப் கிளப்பாக வாசிப்பு. 1969இல் பிளாக் சபாத் என்று பெயர் மாற்றம். முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அது வெளிவந்து, பிரிட்டன் பட்டியலில் 8ஆம் இடம் பிடித்தது.

வாசிப்பின் நேர்த்திக்கு செப்பெலின்தான், சரி. ஆனால் தொடக்கக் கதை என்றால் என் மனசு அந்த பிளாஸ்டிக் உறைகளிடமே போய் நிற்கிறது.