முகமூடித் தடையா, வழக்குப் போடும் உரிமையா?

ஆட்களைப் பிடிக்கும்போது உரிமையை மீறும் அமெரிக்கக் குடியேற்றத் துறை அதிகாரிகளைப் பதில் சொல்ல வைக்க இரண்டு சட்ட வழிகள் பேசப்படுகின்றன.

ஒன்று, முகமூடியோடு வரும் அதிகாரிகளை முகத்தைக் காட்டச் சொல்வது. 2025 செப்டம்பரில் கலிஃபோர்னியா முகமூடித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தெருவில் பலன் உடனே தெரியும். ஆனால் இவர்கள் ஃபெடரல், அதாவது மத்திய அரசு அதிகாரிகள்; மாநிலச் சட்டம் ஃபெடரல் அதிகாரியைக் கட்டுப்படுத்துமா என்ற சண்டை நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறது.

மற்றது, பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை. உரிமையை மீறிய மாநில, உள்ளூர் போலீஸ்காரர் மீது 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் போடலாம். ஃபெடரல் அதிகாரிகள் அந்தச் சட்டத்தில் இல்லை. அவர்களுக்காக 1971இல் உச்ச நீதிமன்றம் திறந்த சிறு வழியையும், 2022இல் எல்லைக் காவலர் ஒருவர் மீதான வழக்கில் அதே நீதிமன்றம் ஏறக்குறைய அடைத்துவிட்டது. பழைய சட்டத்தில் ஃபெடரல் அதிகாரிகளையும் சேர்த்தாலே போதும். அதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் செய்ய வேண்டும்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. ஆனால் பிடித்துக்கொண்டு போன அதிகாரி யாரென்றே தெரியாவிட்டால் யார் மீது வழக்குப் போடுவது? அதனால் முதலாவதையும் விட மனம் வரவில்லை.