ரெலாவ் அப்பார்ட்மென்ட், அஞ்சு வருஷம், மூணாவது தடவையா ஒழுகுற சீலிங்

போன வாரம் சித்தி மகன் போன் பண்ணி, அக்கா நானும் பினாங்குல உங்க வீட்டுக்கிட்ட, பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு யூனிட் வாங்கி வாடகைக்கு விடலாம்னு இருக்கேன், உங்களுக்கு எப்படி போவுதுன்னு கேட்டான். அன்னிக்கு காலையில தான் வாடகைக்கு இருக்கிற பொண்ணு, பாத்ரூம் சீலிங் மறுபடியும் சொட்டுதுன்னு வீடியோ அனுப்பியிருந்துச்சு, அதனால அவன்கிட்ட கொஞ்சம் கோவமாவே பேசிட்டேன். ஆற அமர சொல்ல வேண்டியத இங்க எழுதுறேன்.

இந்த ரெலாவ் வீட்ட 2020 கடைசில வாங்குனேன், சப்சேல் (டெவலப்பர்கிட்ட இல்ல, ஏற்கனவே வச்சிருந்தவர்கிட்ட இருந்து), 320,000 வெள்ளி (ரிங்கிட்). எனக்கு ரெண்டாவது வீடு, அதனால 90 பெர்சன்ட் லோன் கெடச்சுச்சு (மூணாவது வீடுன்னா 70 தான்). முன்பணம் 32,000 இருந்தா போதும்னு யாரும் கெளம்பிடாதீங்க. ஸ்டாம்ப் டூட்டி 5,400, லோன் பத்திரத்துக்கு 1,440, லாயர் ஃபீஸ் தனி, பழைய வயரிங் மாத்துனது தனி.

லோன மட்டும் கொற சொல்லவே மாட்டேன். ஃபுல் ஃபிளெக்சி எடுத்தேன் (லோனும் நடப்புக் கணக்கும் ஒன்னா இருக்கும்), மாசம் 10 வெள்ளி ஃபீஸ், ஆனா என் அவசர காசு, வாடகை டெபாசிட் எல்லாம் அந்த கணக்குலயே கெடக்குது, அந்த அளவுக்கு வட்டி நாள் கணக்குல கொறையுது, வேணும்னா அன்னிக்கே எடுத்துக்கலாம். ஓபிஆர் (நெகாரா பேங்க் வைக்கிற அடிப்படை வட்டி) 1.75 பெர்சன்ட்ல இருந்தப்ப தவணை 1,125, 2023 மே மாசம் 3.00 ஆனப்ப 1,330 கிட்ட போயிருச்சு, 2025 ஜூலைல 2.75க்கு எறங்குனதும் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. வாடகை 1,200. மெயின்டனன்ஸும் சின்க்கிங் ஃபண்டும் (கட்டடத்தோட பெரிய ரிப்பேருக்கு சேக்குற காசு) சேத்து மாசம் 198. மாசம் 300 கிட்ட என் கையில இருந்து தான் போவுது, ஆனா அதவிட கூடவே அசல் கொறையுது, அதனால அது எனக்கு வலிக்கல.

வலிக்கிறது அந்த சீலிங் தான்.

மொத தடவ 2021ல. மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல, மேல் வீட்டுக்காரர்கிட்ட நீங்களே பேசிக்குங்கன்னு அனுப்பிட்டாங்க, நானும் நம்பி சொந்த காசுல பெயின்ட் அடிச்சேன். 2023ல ரெண்டாவது தடவ ஒழுகுனப்ப தான் சட்டத்த தேடிப் படிச்சேன். 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதியில தெளிவா இருக்கு, புகார் குடுத்தா மேனேஜ்மென்ட் 7 நாளுக்குள்ள வந்து பாக்கணும், பாத்து முடிச்சு 5 நாளுக்குள்ள ஃபார்ம் 28ங்கிற சோதனை சான்றிதழ் குடுக்கணும், வேற காரணம்னு நிரூபிக்காத வரைக்கும் மேல் வீட்டுல இருந்து தான் ஒழுகுதுன்னு எடுத்துக்கணும். என் லெட்டருக்கு 40 நாள் கழிச்சு ஒரு ஆள் வந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு மேல சிலிகான் தடவிட்டுப் போனாரு. ஃபார்மும் வரல ஒன்னும் வரல. மேல டைல்ஸ உடைச்சு வாட்டர்ப்ரூஃபிங் புதுசா போடாம இது நிக்காது, எந்த கான்ட்ராக்டர கேட்டாலும் அதான் சொல்றாங்க.

மேல் வீட்டு அங்கிள் மேலயும் முழுசா கோவப்பட முடியல. பென்ஷன்ல இருக்காரு, சம்சாரத்துக்கு நடக்க முடியாது, நாலு நாள் பாத்ரூம் இல்லாம அந்தம்மா எங்க போவாங்க. ஆனா கீழ சோப்புத் தண்ணி தலையில சொட்ட சொட்ட குளிக்கிற பொண்ணு ஃபேக்டரில நைட் ஷிப்ட் முடிச்சு வருது, வாடகை ஒரு மாசம் கூட லேட் பண்ணதில்ல, அதுகிட்ட நான் எத்தன தடவ சாரி சொல்றது?

5 வருஷம் முடிஞ்சதால இப்ப வித்தா ஆர்பிஜிடி (வீடு வித்த லாபத்துக்கு வரி) கிடையாது, ஏஜென்ட் ரெண்டு பேரு கேட்டுட்டாங்க. நான் விக்கல. ஆனா தம்பி, நீ வாங்காத. வாங்கியே தீருவேன்னா கடைசி மாடி பாரு, இல்லன்னா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பாத்ரூம் சீலிங் மூடிய தெறந்து மேல கறை இருக்கான்னு பாரு, புது பெயின்ட் வாடை அடிச்சா ஏன்னு கேளு.

சனிக்கிழமை பட்டர்வொர்த்ல இருந்து பாலம் தாண்டி வரேன், மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல உக்காரப் போறேன். ஃபார்ம் 28 கைக்கு வராம எந்திரிக்க மாட்டேன்.