மாவட்ட அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவு: 26 நாள் அனுபவம்

எங்கள் மகள் 31ஆவது வாரத்தில், 1,320 கிராம் எடையோடு பிறந்தாள். எங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் சிறப்புச் சிகிச்சைப் பிரிவில், ஊர்வழக்கில் சொன்னால் ‘பெட்டியில்’, 26 நாட்கள் இருந்தாள். கடன் வாங்கியாவது தனியாருக்குக் கொண்டுபோய்விடு என்று உறவினர்கள் சொன்னபோது எனக்கும் தயக்கம் இருந்தது. இன்று அதே தயக்கத்தோடு வராந்தாவில் நிற்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளையும் 1,800 கிராமுக்குக் குறைந்தவர்களையும் இங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்கான சிகிச்சை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வலி கண்டதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியின் முதல் தவணையைப் போட்டுத்தான் என் மனைவியை 108 வண்டியில் ஏற்றினார்கள். மூச்சுத் திணறலுக்கு இரண்டு நாள், மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியும், மஞ்சள் காமாலைக்கு மூன்று நாள் நீல விளக்கும் தேவைப்பட்டன. மருந்துக்கோ பரிசோதனைக்கோ ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை என்பது 2011ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் உள்ள உரிமை என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

நான் மிகவும் மதிப்பது பால் கொடுத்த விதத்தை. உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு வாய்வழியாக வயிற்றுக்குள் மெல்லிய குழாய் விட்டிருந்தார்கள். செவிலியர் அதன் முனையில் அழுத்தும் தண்டை எடுத்துவிட்ட ஊசிக்குழலைப் பொருத்தி, பீய்ச்சி வைத்த தாய்ப்பாலை 2 மில்லி ஊற்றி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். பால் தன் போக்கில் இறங்கும்வரை அழுத்தவும் மாட்டார், அவசரப்படவும் மாட்டார். பிறகு சங்கு போன்ற பாலாடைக் கிண்ணத்துக்கு மாறினோம். “பால் வத்திடும்னு பயப்படாதீங்கம்மா, குழந்தையை நெஞ்சுல போட்டுக்கிட்டா தானா சுரக்கும்” என்று ஒரு சிஸ்டர் சொன்னதை என் மனைவி இன்றும் நினைவுகூர்கிறாள். அப்படி நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் போதிய இன்குபேட்டர்கள் இல்லாத நிலையில் பிறந்த முறை. நாளொன்றுக்கு 8 மணி நேரமாவது அவ்வாறு வைத்திருக்க வேண்டும், பிறந்தவுடனேயே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. எங்கள் பிரிவில் அதற்குரிய சாய்வு நாற்காலிகள் நான்குதான். அவற்றில் ஒன்று உடைந்திருந்தது. அணைக்கத் தாய்மார் தயாராக இருந்தும், முறை போட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்தனை சிறிய செலவில் இத்தனை பலன் தரும் ஒன்றை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

குறை என்று நான் சொல்ல வேண்டியது சிகிச்சையைப் பற்றியது அன்று, அதைச் செய்பவர்களின் நிலையைப் பற்றியது. ஒவ்வொரு பணிமுறையிலும் மூன்று, நான்கு குழந்தைகளுக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறிமுறை. நான் கண்ணாடி வழியே எண்ணிய ஓர் இரவில் 17 குழந்தைகளுக்கு இருவரே இருந்தார்கள். இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர், பிரசவ அறையில் ஒரு குழந்தை அழவில்லை என்று அழைப்பு வந்ததும் ஓடினார். முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வர வைக்க வேண்டுமே. திரும்பி வந்தவர் உட்கார்ந்தது ஓய்வெடுக்க அல்ல. ஒரே விவரத்தை நோயாளிக் குறிப்பேட்டிலும், பதிவேட்டிலும், பிறகு கணினியிலும் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தரவுப் பதிவாளரையும், இரவுக்குக் கூடுதலாக இரண்டு செவிலியரையும், மருத்துவர் ஒரு மணி நேரம் கண்ணயர ஓர் அறையையும் கொடுத்தால், புதிய கருவிகள் வாங்குவதைவிட அதிகக் குழந்தைகள் பிழைப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெற்றோருக்கு விவரம் சொல்ல நாள்தோறும் காலை 11 மணிக்கு அந்த மருத்துவர்கள் ஒதுக்கிய பத்து நிமிடமும் அந்த நெருக்கடிக்கு நடுவில் எடுத்துக் கொடுத்ததுதான்.

தாய்மார் தங்கும் வார்டு வேறு தளத்தில் இருப்பது பெரிய சிரமம். சிசேரியன் தையலோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படியேறி வந்த பெண்களைப் பார்த்தேன். இதை எழுத்து மூலமாகவும் கொடுத்திருக்கிறேன்.

1,620 கிராமில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிராம சுகாதார செவிலியர் தேடி வந்து எடை பார்த்தார். காது கேட்கும் திறனையும் வளர்ச்சியையும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பார்க்கிறார்கள். இங்கே சேர்ந்திருக்கும் பெற்றோர் ஒன்றை மட்டும் கேட்டுப் பெற வேண்டும்: குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பிறந்த நான்கு வாரத்துக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும், தவறினால் சில வாரங்களிலேயே பார்வை போகக்கூடும். எங்கள் மகளுக்கு முதல் பரிசோதனையில் இரத்தக் குழாய்கள் முழுதாக வளரவில்லை என்று சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்தவர், அந்த இரவு ஓடிய அதே மருத்துவர்.